தாடிக்காரனைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்

கதையின் முடிவை முன்கூட்டியே சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என் டிபன் பாக்ஸைத் திறந்து வறுத்த மீனை எடுத்துத் தின்றவரைக்கூட மன்னித்திருக்கிறேன். நான் பாதி படித்திருந்த நாவலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுவா? கடைசில அந்த டாக்டருதான் கொலைகாரன்” என்று சொன்ன ஒருவரோடு இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. அவர் என் சொந்த நாத்தனார். அதனால் கல்யாணம் காட்சிகளில் சிரித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

பொன்னேரி நூலகத்தில் புத்தகம் எடுத்தால் முதல் வேலையாகப் பழைய காலண்டர் தாளைக் கிழித்து அட்டை போட்டுவிடுவேன். பின்னட்டையில் இருப்பதைப் படித்துத் தொலைக்கக் கூடாது என்பதற்காக. அடுத்த வேலை, தலையில் இருக்கும் கிளிப்பை எடுத்து அணிந்துரைப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துக் குத்துவது. நம் ஊரில் அணிந்துரை எழுதும் பெரியவர்களைப் போலக் கதையைக் கெடுக்க யாராலும் முடியாது. ‘நாயகி கிணற்றில் விழும் இறுதிக் காட்சியில் என் கண்கள் குளமாயின’ என்று மூன்றாம் பக்கத்திலேயே அழுதுவிடுகிறார்கள். அவர் கண் குளமானது சரி, நான் இன்னும் கிணற்றையே பார்க்கவில்லையே! நாவலை முடித்துவிட்டு, கடைசியில்தான் கிளிப்பை எடுத்து அணிந்துரையைப் படிப்பேன். அப்போது படித்தால் நன்றாகத்தான் இருக்கும்.

சீரியலுக்கும் இதே சட்டம்தான். ‘நாளை’ என்று திரையில் எழுத்து வந்ததும் டிவியை அணைத்துவிடுவேன். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிடுவேன். இதைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில், எனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து என் அம்மாவுக்கு போன் போட்டாராம்.

நாங்கள் இரண்டு பேருமே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்பவர்கள். அவர் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில், நான் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில். சாயங்காலம் அவர் வண்டியில் வந்து எங்கள் கம்பெனி கேட்டில் நிற்பார். என்னை ஏற்றிக்கொண்டு கவரைப்பேட்டைக்கு வருவார். வந்து, குளித்து, சமைத்து, எட்டரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்கென்று இருக்கும் நேரம். மற்ற நேரமெல்லாம் கேஸ் வந்ததா, தண்ணி வந்ததா என்பதுதான் பேச்சு.

அந்த அரை மணியில் எங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. கதை முக்கியமான இடத்துக்கு வந்து, எல்லோர் முகத்தையும் மூன்று மூன்று முறை காட்டிவிட்டு விளம்பரம் போடுவார்கள் அல்லவா, அப்போது ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். அடுத்து என்ன நடக்கும்? தோற்றவர் ராத்திரிப் பாத்திரம் தேய்க்க வேண்டும். மீன்குழம்பு வைத்த நாளில் பந்தயம் கொஞ்சம் சூடாகவே இருக்கும்.

அப்போது ஓடிய சீரியலின் கதை இதுதான். ஒரு பெரிய வீடு. மூத்த மருமகளின் புருஷன் பஸ் விபத்தில் செத்துப் போய்விட்டான் என்று போட்டோவுக்கு மாலையும் போட்டாகிவிட்டது. ஒரு நாள் வாசலில் தாடியோடு ஒருவன் வந்து நிற்கிறான். முகம் அதே முகம். நினைவு தப்பிவிட்டது என்கிறான். அவன் நிஜப் புருஷனா, சொத்துக்காக வந்த வேஷக்காரனா? இந்த ஒரு கேள்வியை வைத்தே வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அந்தப் பந்தயத்தில் என் வீட்டுக்காரர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். எப்போதாவது ஒரு நாள் தோற்பார், அதுவும் ரசம் வைத்த நாளாகப் பார்த்து. “இப்ப பாரு, மாமியாக்காரி சாவிக்கொத்த சின்ன மருமவகிட்ட குடுப்பா” என்பார். கொடுப்பாள். “இந்த லெட்டர எழுதினது கொழுந்தன்காரன்” என்பார். அவனேதான். நான் திரும்பி அவரையே பார்ப்பேன். பத்தாவதைத் தாண்டாத மனுஷருக்கு இப்படி ஒரு மூளையா! என் அம்மாவிடம் சொன்னேன், எதிர் வீட்டில் சொன்னேன், கம்பெனியில் எங்கள் மேசை முழுக்கச் சொன்னேன். ‘கதை எழுதப் போயிருக்க வேண்டியவர், கம்பி உருட்டிக்கொண்டிருக்கிறார்’ என்று பெருமூச்சு வேறு. பாத்திரம் தேய்க்கும்போதுகூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் கம்பெனியில் மேசைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து, நடுவில் ஓடிவரும் மூடிகளில் கீறல் விழுந்ததைப் பொறுக்கிப் போடுவோம். எனக்கு எதிரே உட்காருபவர் சூலூர்பேட்டைப் பக்கமிருந்து வரும் ஒரு அக்கா. வீட்டில் தெலுங்கு, இங்கே தமிழ். எல்லையோரத்தில் இது சாதாரணம். ஆனால் அந்த அக்காவுக்கு எங்கள் மேசையில் இருந்த மரியாதை சூப்பர்வைசருக்குக்கூடக் கிடையாது. ஏனென்றால், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த சீரியல் தெலுங்கில் எடுத்து, ஓடி, முடிந்தே போன கதை. அதைத்தான் தமிழில் வேறு ஆட்களைப் போட்டு மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு நாளைக்கு நடக்கப்போவது அக்காவுக்குப் போன வருஷமே நடந்து முடிந்தது.

மதியச் சாப்பாட்டில் கூட்டம் கூடிவிடும். ஒருத்தி முட்டை வைப்பாள், ஒருத்தி வத்தல் வைப்பாள். “அக்கா, அந்தப் பொண்ணுக்குக் கொழந்த பொறக்குமா?” என்பாள் ஒருத்தி. அக்கா முட்டையைப் பாதி கடித்துவிட்டு, கண்ணை மூடி, “பொறக்கும். ஆனா...” என்று இழுப்பார். இந்த ‘ஆனா’வுக்கு இன்னொரு முட்டை. ஜோசியம் தோற்றது போங்கள். நான் மட்டும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கம்ப்ரஸர் அறைக்குப் பின்னால் போய்விடுவேன். அங்கே போடும் சத்தத்தில் கடவுளே வந்து கதை சொன்னாலும் காதில் விழாது.

ஒரு நாள் நான் அப்படி எழுந்திருக்கும்போது அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன்டி அம்மாடி, நான் வாயத் தொறந்தாலே அலறி அட்ச்சுக்கினு ஓடற? உன் ஊட்டுக்காரரு எவ்ளோ பிரியமா கேட்டுக்கினு போறாரு!”

“எந்த ஊட்டுக்காரரு?”

“உனக்கு எத்தினி பேரு கீறாங்க?” என்றார் அக்கா. மேசையே சிரித்தது.

விஷயம் இதுதான். வேலை முடிந்ததும் அக்கா விறுவிறுவென்று வெளியே போய், ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிடுவார். ஆள் நிரம்பாமல் ஆட்டோ நகராது. நானோ கைகால் கழுவி, யூனிஃபார்ம் மாற்றி, பவுடர் போட்டு, பை சோதிக்கும் வரிசையில் நின்று வருவதற்குள் ஒரு யுகம் ஆகிவிடும். இந்த இடைவெளியில் என் வீட்டுக்காரர் ஆட்டோ பக்கத்தில் போய் நின்று, அக்காவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அன்றைக்கு ராத்திரிக் கதையை முழுசாகக் கேட்டுக்கொண்டுவிடுவாராம். சில நாள் மசால்வடையும் உண்டாம். நான் வருவதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட்டைத் துடைத்தபடி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருப்பார்.

அன்று மதியம் முழுக்க நான் கீறல் மூடியையெல்லாம் நல்ல பெட்டியிலும் நல்ல மூடியையெல்லாம் கழிவுப் பெட்டியிலும் போட்டேன். சாவிக்கொத்து! லெட்டர்! கதை எழுதப் போயிருக்க வேண்டியவர்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மசால்வடையை அவர் தலையிலேயே போட்டு நசுக்கியிருப்பேன். முடிவைச் சொல்பவர்களையே வெறுக்கும் எனக்கு, முடிவைக் கேட்டுக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்காருகிறவர் வாய்த்திருக்கிறார்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு நாள் சண்டை, மறுநாள் சமாதானம். அதில் என்ன சுவாரசியம்? மறுநாள் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செய்து எடுத்துப்போய் அக்காவின் முன்னால் வைத்தேன்.

“அக்கா, இனிமே அவரு வந்து கேட்டா பொய்யா சொல்லு.”

“அய்யய்யோ, கதையில பொய்யா?” அக்கா தொக்கைத் தள்ளி வைத்தார். வாசனை வந்ததும் மறுபடி இழுத்துக்கொண்டார். “சரி, இன்னா பொய் சொல்லணும்?”

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். எல்லாம் பொய்யாகவே சொல்லச் சொன்னால், அவர் எதைச் சொல்கிறாரோ அதற்கு நேர்மாறானதுதான் நிஜம் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவரைப் பிடிக்கப்போய் என் கதையை நானே கெடுத்துக்கொண்டதாகும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். “ஒரு நாள் நெசம் சொல்லு, ரெண்டு நாள் பொய் சொல்லு, உன் இஷ்டம். எது எதுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லாதக்கா.”

அக்கா ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. இத்தனை நாளும் யாரோ எழுதிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவருக்குச் சொந்தமாகக் கதை கட்டும் ருசி தெரிந்துவிட்டது. அந்த வாரத்திலேயே ஒரு நாள் விளம்பரம் போட்டதும் என் வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து, மிடுக்காகச் சொன்னார்.

“எழுதி வெச்சுக்கோ. இந்த ஊட்டு வேலக்காரி போலீஸு.”

எனக்குச் சிரிப்பு வந்து சோறு மூக்கில் ஏறிவிட்டது. தண்ணீர் குடித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போலீஸா? எப்படி சொல்ற?” என்றேன்.

“நடையப் பாரேன். நெஞ்ச நிமித்திக்கினு போறா பாரு. அது டிரெய்னிங்கு.”

விளம்பரம் முடிந்தது. வேலைக்காரி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தியபடியே உள்ளே போனாள். அவ்வளவுதான். அவர் விடவில்லை. “நாளைக்குத் தெரியும்” என்றார். அந்த வாரம் முழுக்க வீட்டில் யார் அழுதாலும், யார் மயங்கி விழுந்தாலும், அவர் கண் அந்த வேலைக்காரி மேலேயே இருந்தது. அவள் கீரை ஆய்ந்தாள், கோலம் போட்டாள், துணி காயப்போட்டாள். துப்பாக்கியை மட்டும் எடுக்கவே இல்லை.

பாத்திரம் அவர் பக்கம் போனது. நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு, சமையலறையில் சட்டி தேய்க்கும் சத்தத்தைக் கேட்டபடி நாவல் படித்தேன். சொர்க்கம் என்றால் அதுதான். வேண்டுமென்றே அடிப்பிடிக்கிற மாதிரி குழம்பு வைத்தேன் என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்? வைத்தேன்.

ஆனால் நாளாக ஆக ஒரு மாற்றம் தெரிந்தது. முதலில் பந்தயத்துக்குச் சத்தமாகச் சொல்வதை விட்டார். அப்புறம், “நீ சொல்லு மொதல்ல” என்றார். அப்புறம், “இன்னா பெரிய கதை இது, ஒரே பேஜாரு” என்றார். ஒரு நாள் எட்டேகாலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, “ஒருத்தரப் பாத்துட்டு வரேன்” என்று கிளம்பினார். மறுநாளும் கிளம்பினார். யாரைப் பார்க்கிறார் என்று பால்கனியில் நின்று பார்த்தேன். ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் தனியாக உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் அக்காவும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். “உன் பேச்சக் கேட்டு என் டீ போச்சு. அந்த மனுசன் இப்ப ஆட்டோ பக்கமே வர்றதில்ல. ‘உன்ன நம்பினேனே அக்கா’ன்னு ஒரு பார்வ பாத்தாரு பாரு, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. டிவி முன்னால் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். யாரும் முன்கூட்டிச் சொல்லாத கதை, நான் கேட்டபடியே சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல் எதிரே ஓடுகிறது. விளம்பரம் வந்ததும் பழக்கத்தில் வலது பக்கம் திரும்புவேன். தலையணை இருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்று தலையணையிடமா கேட்பது? தாடிக்காரன் ஒரு நாள் மூத்த மருமகளின் பேரைத் தூக்கத்தில் முனகினான், எவ்வளவு பெரிய காட்சி அது! எனக்கு அது ஒட்டவே இல்லை. அவர் இல்லாமல் அந்த அரை மணி எனக்குப் பிடிக்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு அவர் வேண்டியிருந்தது.

சீரியல் கடைசி வாரத்துக்கு வந்தது. சனிக்கிழமை முடிவு. தாடிக்காரன் யார் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். எப்படியாவது அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்து, அந்தக் கடைசிப் பந்தயத்தில் ஜெயிக்கவைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஜெயித்தால் பழைய மிடுக்கு வந்துவிடும், அடுத்த சீரியலுக்குத் தானாக வந்து உட்காருவார். ஆனால் அவர் ஜெயிக்க வேண்டுமென்றால் நான் தப்பாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் எனக்குச் சரி எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் டிபன் பாக்ஸோடு அக்கா முன்னால் போய் நின்றேன். “முடிவ சொல்லுக்கா.”

அக்கா வாயருகே கொண்டுபோன உருண்டையைத் தட்டில் வைத்தார். மேசையே என் பக்கம் திரும்பியது. “நீயா கேக்கற? உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னை ஒரு ஓரமாக இட்டுக்கொண்டுபோய், காதில் சொன்னார். நாத்தனாரோடு பேசாமல் இருப்பவள், அணிந்துரைக்குக் கிளிப் குத்துபவள், கேட்டுக்கொண்டேன். வருஷக்கணக்காகக் காத்திருந்த முடிவு ஒரு ஏப்பம் விடும் நேரத்தில் தெரிந்துபோனது. பந்தியில் உட்காரும் முன்பே வயிறு நிறைந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

நீங்கள் இப்போது அந்த முடிவு என்ன என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள். யூடியூபில் கிடக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மீன்குழம்பு வைத்தேன். எட்டேகாலுக்கு அவர் சட்டையை எடுத்தபோது கையிலிருந்து பிடுங்கினேன். “இன்னிக்கி ஒரு நாள் உக்காரு. கடைசி நாளு. தனியா பாக்க ஒரு மாதிரியா கீது” என்றேன். அவர் உட்கார்ந்தார், ஆனால் ஓரமாக.

கதை ஓடியது. மூத்த மருமகள் தாடிக்காரனின் கையைப் பிடித்து நடுக்கூடத்துக்கு இழுத்து வந்தாள். “உண்மையச் சொல்லு. நீ யாரு?” என்றாள். மூன்று மூன்று முறை எல்லோர் முகமும் வந்தது. விளம்பரம்.

“பந்தயம்?” என்றேன்.

“நீயே சொல்லு.”

நான் திட்டப்படி தப்பானதைச் சொன்னேன். அவர் அதற்கு மாறானதைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி, ஜெயித்தாயிற்று. அவர் மோவாயைத் தடவினார். நெற்றியைச் சுருக்கினார். யாரிடமும் கேட்காமல் சொந்தமாக யோசிக்கிறார் என்று நன்றாகத் தெரிந்தது. கடைசியில், “எனக்கும் அதான் தோணுது” என்றார். போச்சு. என் நெத்திலித் தொக்கு, என் விரதம், என் தியாகம், எல்லாம் குப்பைக்குப் போனது. அந்த நேரத்தில் அவரை உலுக்கி, ‘மாத்திச் சொல்லுய்யா’ என்று கத்த வேண்டும் போலிருந்தது.

விளம்பரம் முடிந்தது. தாடிக்காரன் வாயைத் திறந்தான். எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்லப்போகிறான் என்று நான் இந்தப் பக்கம் திரும்பினேன். அவர் முகம் எனக்குப் பக்கத்தில் இருந்தது. புருவம் மெல்ல ஏறியது. வாய் திறந்தது. கையில் இருந்த அப்பளம் பாதியில் நின்றது. மூத்த மருமகள் ஏதோ சொன்னாள், அவர் கண்ணில் சட்டென்று தண்ணீர் கட்டியது. அதை நான் பார்த்துவிடக் கூடாது என்று இமையை வேகமாகக் கொட்டினார். தாடிக்காரன் என்ன ஆனான், வேலைக்காரி எங்கே நின்றாள், எதையும் நான் பார்க்கவில்லை. இந்த மனுஷருடைய முகத்தை இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. எவ்வளவு நல்ல முகம்!

வணக்கம் போட்டார்கள். அவர் அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். நான் அப்போதும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

“இன்னாமே, டிவியப் பாக்காம என்னையே பாத்துக்கினு கீற?”

“சும்மாதான்.”

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். பாம்பின் கால் பாம்பறியும்.

“அக்காகிட்ட கேட்டுட்ட” என்றார்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கதை தெரிந்தவருக்கு டிவியில் பார்க்க ஒன்றும் இல்லை. அப்படியானால் சாவிக்கொத்து அன்றைக்கு, லெட்டர் அன்றைக்கு, நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த அத்தனை மாதமும்...

“யோவ், அப்ப அத்தினி நாளும் நீ என் மூஞ்சியவா பாத்துக்கினு இருந்த?”

அவர் மீன்குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“பின்ன இன்னா, அந்தத் தாடிக்காரன் மூஞ்சியவா பாப்பாங்க?”